ஒரு டப்பா ஆவாரம்பூ

டிசைன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என் பணி ஓய்வு விழாவில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினீர்கள். தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஆரணியில், வாழ்நாள் முழுக்கப் பட்டுச் சேலைக்குப் பூப் போட்டவனுக்குப் பாலியஸ்டர் சால்வை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அப்படியே இருந்தாலும் சொல்லிக்கொள்கிறவன் இல்லை நான்.

அன்றைக்கு "மாஸ்டர், உங்க அனுபவத்துல இருந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினீர்கள். எனக்கு மைக் ஆகாது. "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத மாட்டேன். அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதப் போவது ஒரு செடியைப் பற்றி. அந்தச் செடியால் ஒரு கல்யாணச் சேலை பாதியில் அறுபட இருந்தது, அதற்குக் காரணம் நான்தான், இன்னொரு காரணம் என் மனைவி.

ஆவாரஞ்செடி உங்களுக்குத் தெரியும். கண்ணமங்கலம் ரோட்டில் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகத் தெரிவது அதுதான். இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு வளரும் புதர். அதை யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. கல்லும் கரம்புமாகக் கிடக்கும் இடத்தில் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். பொங்கலுக்குப் பூளைப்பூவோடு சேர்த்து வாசலில் கட்டுவோம். சர்க்கரை உள்ளவர்கள் பூவை வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். ஒரு காலத்தில் தோல் பதனிடுவதற்கு இதன் பட்டை வண்டி வண்டியாகப் போகுமாம். இத்தனைக்கும் உதவுகிற செடிக்குச் சேலையில் மட்டும் இடம் கிடையாது. மாங்காய், மயில், அன்னம் கேட்பார்கள். ரோட்டோரப் பூவை யார் கேட்பார்கள்?

பவித்ரா கேட்டாள். களம்பூர்ப் பெண். அப்பா அங்கே அரிசி மில்லில் மேஸ்திரி. அவள் வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நேராக நம் டிசைன் அறைக்கு வந்து, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "அங்கிள், என் முகூர்த்தச் சேலைல ரெண்டு கரையிலயும் ஆவாரம்பூ வேணும்" என்றாள்.

"மயில் போடலாமேம்மா?"

"மயில் யாருக்கு வேணும் அங்கிள்? நாலு வருஷமா வெயில்ல ஆவாரஞ்செடிகிட்டதான் உக்காந்துகினு இருக்கேன். எங்க வீட்டுக்காரரா வரப்போறவரு கூட என்னை அங்கதான் வந்து பாத்தாரு."

முதலாளி மூக்கைச் சுளித்தார். ஆனாலும் கேட்டு வந்த வேலையை விட அவருக்கு மனசு வராது. நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வரைந்து கொடுத்தேன். நடுவில் ஒரு பொட்டு, சுற்றி ஐந்து இதழ், எல்லாம் ஒரே அளவு. உண்மையைச் சொன்னால், யார் எந்தப் பூவைக் கேட்டாலும் நான் போட்டுக் கொடுத்தது இந்தப் பூவைத்தான். வெள்ளி ஜரிகையில் போட்டால் மல்லிகை, தங்க ஜரிகையில் போட்டால் செவ்வந்தி, சிவப்பில் போட்டால் செம்பருத்தி. யாரும் கேள்வி கேட்டதில்லை.

பவித்ரா திரையை உற்றுப் பார்த்தாள். "இது இன்னா பூ அங்கிள்?"

"ஆவாரம்பூம்மா."

"எந்த ஊரு ஆவாரம்பூ?"

அதற்குப் பிறகு அவள் எனக்கு நடத்தியது ஒரு முழுப் பாடம். ஆவாரம்பூவின் ஐந்து இதழும் ஒரே அளவு கிடையாதாம். ஓரங்கள் நெளிநெளியாகச் சுருங்கியிருக்குமாம். நடுவில் பொட்டு கிடையவே கிடையாதாம். பத்து மகரந்தக் கம்பிகள் இருக்கும், அதில் மேலே இருக்கிற மூன்று சும்மா பேருக்கு நிற்பவை, கீழே இருப்பவைதான் நீளமாக வளர்ந்து உழைக்கிறவை. அதைக் கேட்டதும் எனக்கு நம் ஆபீஸ் ஞாபகம் வந்தது. பூவோடு நிறுத்தவில்லை அவள். இலைக் காம்பின் அடியில் இரண்டு காது மாதிரி செதில் இருக்குமாம், காய் தட்டையாகக் காகிதம் மாதிரி இருக்குமாம், அதையெல்லாம் முந்தியில் போட வேண்டுமாம்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஆவாரம்பூ கொண்டுவந்தாள். "எல்லாப் பூவையும் எடுத்து ஒண்ணு ஒண்ணா பாருங்க அங்கிள். பாத்தா உங்களுக்கே தெரியும்" என்றாள். என்ன தெரியும் என்று கேட்பதற்குள் வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

நம் ஆபீஸில் ஃபிரிட்ஜ் கிடையாது. வாடிவிடக் கூடாதே என்று டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் என் மனைவி காபிக்குப் பதிலாக ஒரு டம்ளரில் மஞ்சளாக எதையோ நீட்டினாள். பாதி குடித்த பிறகுதான் கேட்டேன்.

"இன்னாது இது?"

"ஆவாரம்பூ தண்ணி. யாரோ புண்ணியவதி டப்பா நிறைய குடுத்து இருக்கா. உங்க சர்க்கரைக்கு நல்லதாச்சேன்னு மொத்தத்தையும் போட்டு கொதிக்க வெச்சிட்டேன்."

"அடிப்பாவி, அது ஆபீஸ் வேலை!"

"ஆபீஸ் வேலையை ஏன் ஃபிரிட்ஜ்ல கொண்டாந்து வெச்சீங்க?"

டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கத்தில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு பூ மட்டும் தப்பியிருந்தது.

அந்த ஒரு பூவை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். நூல் எண்ணுகிற கண்ணாடியை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என்னை நம்புங்கள், பிறந்ததிலிருந்து பார்த்து வந்த பூவை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதழில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய நரம்புகள் ஓடின. ஒரு இதழ் அளவு மற்றொன்றுக்கு இல்லை. மகரந்தக் கம்பிகள் நெட்டையும் குட்டையுமாக நின்றன. அவற்றுக்கு நடுவிலிருந்து பச்சையாக ஒன்று அரிவாள் மாதிரி வளைந்து வலப்பக்கம் நீண்டிருந்தது. பின்னால் காயாகப் போவது அதுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து இதழும் ஒரு பொட்டுமாக வரைந்து காலத்தை ஓட்டிவிட்டோமே என்று கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது. இருந்ததை இருந்தபடியே வரைந்தேன். படத்தைப் பவித்ராவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர் அங்கிள்! இதேதான்!" என்று பதில் வந்தது.

இத்தோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

ஒரு கரையை வரைந்துவிட்டால் எதிர்க்கரை கண்ணாடியில் தெரிகிற மாதிரி தானாகத் திரும்பி வரும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். கம்ப்யூட்டரில் ஒரு பட்டன். தறியில் மேலிருந்து நீளவாட்டுப் பாவு இழைகளுக்கு இறங்கும் நூல்களையே அப்படித்தான் கட்டியிருப்பார்கள். எந்த இழை எழ வேண்டும் என்று துளை போட்டுச் சொல்லும் அட்டை ஒன்றுதான், கரை இரண்டு. நான் போட்டு வந்த பூவுக்கு இடமும் கிடையாது வலமும் கிடையாது என்பதால், எதிர்க்கரையில் பூ திரும்புகிறது என்பதே எனக்கு உறைத்ததில்லை. இந்தப் பூவில்தான் உறைத்தது. ஒரு கரையில் அந்தப் பச்சை அரிவாள் வலப்பக்கம் வளைந்திருந்தது. எதிர்க்கரையில் இடப்பக்கம்.

"எந்த ஊரு ஆவாரம்பூ" என்று கேட்ட பெண். பாதிச் சேலையில் பூ தப்பாக வளைந்திருந்தால் சும்மா விடுவாளா? போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால், டப்பாவில் பார்க்கவில்லையா என்பாள். டப்பா என்ன ஆயிற்று என்பாள். ஆகவே கேட்காமல், நானே சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஏழுமலையிடம் போனேன். நுணுக்கமான கரை என்றால் முதலாளி அவர் தறிக்குத்தான் கொடுப்பார். ஆரணியில் ஏழுமலை நெய்த சேலையைத் திருப்பிப் பார்த்துக் குறை சொன்னவர் கிடையாது. அதில் அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவரும் அவர் மனைவி சரோஜாவும் பாவைப் பூட்டி முடித்து, மறுநாள் நெய்ய ஆரம்பிக்க இருந்தார்கள். எதிர்க்கரையின் நூல்களை அவிழ்த்து, பூ திரும்பாதபடி நேராகக் கட்ட வேண்டும் என்றேன்.

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாஸ்டர், ஒடம்பு சரியில்லியா?"

"அசல் பூ வலப்பக்கம்தான் வளையும் ஏழுமலை. நான் கண்ணாடி வெச்சிப் பாத்தேன்."

"எதிர்க்கரை எதிராத்தான் இருக்கும். அதனாலதான் அது எதிர்க்கரை."

"அந்தப் பொண்ணு பெரிய படிப்பு படிக்குது. உட மாட்டா."

"பேஜார் புடிச்ச பூவா இருக்குதே" என்று முனகிக்கொண்டே ஏழுமலை ஏணி எடுத்தார். அவர் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு நூலாக அவிழ்க்க, சரோஜா கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி முடிச்சுப் போட, அந்தக் குடும்பத்தில் கல்யாணம் ஆன நாளிலிருந்து தீராமல் கிடந்த சண்டையெல்லாம் அந்த நூல்களோடு சேர்ந்து இறங்கியது. வேலை முடிகிறவரை அந்த வீட்டில் எனக்கு ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை. முடிந்த பிறகும் கொடுக்கவில்லை.

ஆனால் சேலை வளர வளர எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கிளிப்பச்சை உடல், இரண்டு பக்கமும் மஞ்சள் ஜரிகைப் பூ, எல்லாப் பூவும் ராணுவ அணிவகுப்பு மாதிரி வலப்பக்கம் பார்த்துக்கொண்டு.

சேலை பாதி ஆகியிருந்தபோது பவித்ரா பத்திரிகை வைக்க வந்தாள். கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. கையோடு தறி வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே "ஐயோ, எவ்ளோ அழகு!" என்றாள். தறியருகில் குனிந்து, ஒரு கரைப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள். எழுந்துபோய் எதிர்க்கரையைப் பார்த்தாள். திரும்ப வந்து முதல் கரையைப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தக் கரைலயும் வலப்பக்கம், அந்தக் கரைலயும் வலப்பக்கம் இருக்குது."

"ஆமாம்மா!" என்றேன். இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். "சும்மா உட்டா எதிர்க்கரைல திரும்பிப் போய் இருக்கும். இவங்க ரெண்டு பேரும் எவ்ளோ கஷ்டப்பட்டு அவுத்துக் கட்டினாங்க தெரியுமா? ஒரு பூ கூட இடப்பக்கம் போகாது."

பவித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், ஆவாரஞ்செடில பாதி பூ வலப்பக்கம் வளையும். பாதி பூ இடப்பக்கம் வளையும். ஒரே செடில, ஒரே கொத்துல, ரெண்டும் இருக்கும். என் ஆராய்ச்சியே அதுதான்."

ஏழுமலை குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார்.

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சுட்டது. பூவுக்குள் வருகிற வண்டு, மகரந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை உதறுமாம். கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தூள் கொட்டி வண்டின் ஒரு விலாவில் ஒட்டிக்கொள்ளுமாம். வலப்பூவில் ஒட்டியது இடப்பூவில்தான் சரியான இடத்தில் போய்ப் படும். இடப்பூவில் ஒட்டியது வலப்பூவில் படும்.

"ஒண்ணுக்கு எதிரா ஒண்ணு இருந்தாத்தான் காய் ஒழுங்கா புடிக்கும் அங்கிள். அதுக்குத்தான் இந்தப் பூவையே கேட்டேன். கல்யாணச் சேலைல போய் எல்லாத்தையும் ஒரே பக்கமா போட்டு இருக்கீங்களே!"

ஏழுமலை மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, மொதல்ல தறில கட்டி இருந்த மாதிரியே உட்டு இருந்தா?"

"ஒரு கரை வலது, ஒரு கரை இடது. கரெக்டா வந்து இருக்கும் அண்ணா."

ஏழுமலை என்னைப் பார்த்தார். சரோஜா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"ஆனா டப்பா நிறைய குடுத்தேனே அங்கிள்?" பவித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அதுல ரெண்டும் இருந்துச்சே! பாக்கலியா நீங்க?"

வேறு வழியில்லை. "குடிச்சிட்டேம்மா" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். உள்ளே பாத்திரம் குலுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது, சிரிப்புத்தான். பவித்ரா சிரிக்கவில்லை. "என் கைடு வருவாங்க, கூடப் படிக்கிறவங்க எல்லாரும் வருவாங்க. இதைக் கட்டிகினு நான் எப்படி மேடைல நிக்கிறது? வேணாம் அங்கிள். கடைல வேற சேலை பாத்துக்கிறேன்" என்றாள்.

அவள் வேண்டாம் என்றால் அந்தச் சேலை யாருக்கும் வேண்டாததுதான். ஆவாரம்பூக் கரையை எந்த வியாபாரி எடுப்பான்? புதிதாக ஒன்று நெய்ய நாள் இல்லை. "அப்போ அறுத்துடலாமா மாஸ்டர்?" என்று ஏழுமலை கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார். நெய்து முடியாத சேலைக்குக் கத்தரி போடுவது நம் நெசவுக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தறியில் அது நடந்ததே இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அப்போதே வாயில் யோசனைகள் வரிசை கட்டி நின்றன. திரும்ப அவிழ்த்துக் கட்டலாம், பூ மேல் பூ எம்பிராய்டரி போடலாம், முந்தியில் இடப்பூவாக நிரப்பிவிடலாம். எல்லாம் நான் தெரிந்துகொள்ளாத ஒன்றை நானே சரிசெய்யும் யோசனைகள். இந்தக் குழப்பம் வந்ததே அப்படித்தான். ஒருவர் ஒரு தப்பைச் சொன்னால் அந்த ஒன்றைத் திருத்துங்கள். அவர் சொல்லாததையும் திருத்தக் கை துறுதுறுக்கும்போது போனை எடுத்துக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"உனக்கு இன்னா வேணும்னு நீயே சொல்லும்மா. ஒரு கரைல இது, ஒரு கரைல அதுன்னுதான் இருக்கணுமா?"

அவள் யோசித்தாள். "அப்படியெல்லாம் இல்ல. செடில ஒழுங்கா கிடையாது. எங்கெங்கயோ கலந்து இருக்கும். சேலைல ரெண்டும் ஏறக்குறைய பாதிப்பாதி இருந்தா போதும்."

பாதிப்பாதி. சேலையும் பாதிதான் ஆகியிருந்தது. நானும் ஏழுமலையும் ஒரே நேரத்தில் தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளைப் பார்த்தோம். அட்டைக் கோவையைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டினால், அங்கிருந்து எல்லாப் பூவும் இடப்பக்கம் திரும்பிவிடும். நூலை அவிழ்க்க வேண்டாம், கத்தரி வேண்டாம்.

"மாட்டேன்" என்றார் ஏழுமலை, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஏன் என்று பவித்ராவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அட்டையைத் திருப்பிப் பூட்டுவது, தறிக்குப் புதிதாக வந்தவன் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. "சேலை நடுவுல பூ திரும்பி இருந்தா பாக்கறவன் இன்னா சொல்லுவான்? ஏழுமலைக்குக் கண்ணு அவுட்டுன்னு சொல்லுவான். நம்ம ஊரு கல்யாணத்துல பொண்ணு மூஞ்சியவா பாக்கறாங்க? கரையைத்தான் பாக்கறாங்க."

அது நிஜம். நானே அப்படித்தான் பார்ப்பேன். அவரை வற்புறுத்த எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

சரோஜா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொல்றது நெசமான்னு போய்ப் பாத்துட்டு வாயேன்யா. ரெண்டு நாள் என் கையை ஒடிச்சியே, மாஸ்டர் பேச்சைக் கேட்டு. அப்ப யாராவது ஒருத்தர் போய்ப் பாத்தீங்களா?"

ஏழுமலை சட்டையை மாட்டினார். அவருடைய டிவிஎஸ் வண்டியில் நான் பின்னால் உட்கார, கண்ணமங்கலம் ரோட்டில் போனோம். ஊர் தாண்டியதும் ஒரு புதரைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு செடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். அந்த வழியாகப் போன டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கத்தினார். "இன்னா பெருசு, ரெண்டு பேருக்கும் சர்க்கரையா?"

ஏழுமலை அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பூவாக விரலால் நிமிர்த்திப் பார்த்து, "வலது... வலது... இது இடது... வலது... இடது" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரே கொத்தில் அடுத்தடுத்த இரண்டு பூக்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்க்கிற மாதிரி வளைந்திருந்தன. அந்த நேரம் பெரிய கருவண்டு ஒன்று வந்து ஒரு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உறுமியது. நான் பயந்து பின்னால் நகர்ந்தேன். அவர் நகரவில்லை. அது அந்தப் பூவை விட்டுவிட்டு எதிர்ப்பூவுக்குப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜல்தியா ஏறு மாஸ்டர்" என்றார். வீட்டுக்குள் போனதும் ஏணியை எடுத்துப் போட்டு, அட்டைக் கோவையைக் கழற்றித் தன் கையாலேயே திருப்பிப் பூட்டினார். தறியில் உட்கார்ந்து, முதல் இடப்பூ முழுசாக வருகிறவரை நெய்தார். பவித்ரா அதைத் தொட்டுப் பார்த்து, "போதும் அண்ணா, இதைத்தான் கட்டிப்பேன்" என்றாள். அப்போதும் எனக்கு டீ வரவில்லை.

கல்யாணம் ஆரணியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. கிளிப்பச்சைச் சேலையில் பவித்ரா மேடையில் நின்றாள். மொய் எழுதப் போகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் கரையைத் தூக்கிக் காட்டி, வண்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சேலையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். போட்டோக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நானும் ஏழுமலையும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். எதிர்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். எத்தனையோ வருடம் சேலை தரம் பார்த்துக் கழித்தவர், குரலுக்கு மைக் தேவைப்படாதவர். நான் பயந்தது நடந்தது.

"பொண்ணு சேலையைப் பாத்தீங்களா? நடுவுல அட்டை மாறிப்போய்க் கிடக்குது. பாதிக்கு அப்புறம் அவ்ளோ பூவும் திரும்பிகினு இருக்குது. எவன்யா நெய்ஞ்சான் அதை?"

பந்தி முழுக்கக் கேட்டது. தப்பு என்னுடையது, பழி வேறொருவர் தலையில் விழுகிறது. எழுந்திருக்கப் பார்த்தேன். ஏழுமலை இடது கையால் என் தொடையை அழுத்தி உட்கார வைத்தார்.

"நான்தான் நெய்ஞ்சேன்" என்றார், அதே அளவு சத்தமாக.

சட்டைப் பையிலிருந்து ஈரக் கைக்குட்டை ஒன்றை எடுத்தார். அதற்குள் இரண்டு ஆவாரம்பூ. காலையில் மண்டபத்துக்கு வருகிற வழியில் வண்டியை நிறுத்திப் பறித்திருக்கிறார். எழுந்துபோய்ப் பெரியவரின் இலையில், சாம்பார் படாத இடமாகப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது வலது. இது இடது. ஒரே கொத்துல பறிச்சது. இப்ப சொல்லுங்க, எங்க தப்பு?"

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். இரண்டு பக்கத்து இலைக்காரர்களும் குனிந்தார்கள். ரசம் கொண்டுவந்த பையன் போக வழியில்லாமல் வாளியோடு நின்று அவனும் எட்டிப் பார்த்தான்.

"அட, ஆமாம்பா" என்றார் பெரியவர். "வருஷா வருஷம் பொங்கலுக்குக் கட்டறேன். நான் பாக்கவே இல்லியே."

"நாங்களுந்தான் பாக்கல" என்றார் ஏழுமலை. "ஆனா நாங்க போய்ப் பாத்துட்டு நெய்ஞ்சோம்."

நாங்க என்றார். நான் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாயசம் வந்தது. என் இலைக்கு மேல் கரண்டி நீண்டபோது ஏழுமலை கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"மாஸ்டருக்கு வேணாம்பா, சர்க்கரை. உள்ள ஆவாரம்பூ தண்ணி இருந்தா ஒரு டப்பா கொண்டாந்து குடு, மொத்தத்தையும் குடிச்சிடுவாரு."

எங்கள் வரிசையே சிரித்தது. விஷயம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். ஏழுமலை அவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"சரி, ஒரு கரண்டி ஊத்து. எங்க ஊட்ல இவருக்கு ஒரு டீ பாக்கி இருக்குது."